என் முகத்தில் திறந்த கணக்கு

எங்கள் வீட்டில் ஆன்லைன் வேலை எல்லாம் பதினேழு வயது மகன் நிதின்தான் பார்ப்பான். என் லைசென்ஸ் காப்பிகூட அவனிடம்தான் இருக்கும். போன வருடம் ஒருநாள் என் முன்னால் போனை நீட்டி, "அப்பா, லுக் ஹியர்" என்றான். பாஸ்போர்ட் வேலையாக இருக்கும் என்று நினைத்து, வாயில் தோசையோடு பார்த்தேன்.

சில மாதம் கழித்து கேசினோ என்ற சூதாட்ட விடுதி ஒன்றிலிருந்து எனக்குத் தபால் வந்தது. நான் அவர்களுடைய சிறப்பு வாடிக்கையாளராம். இரண்டு நாள் ஹோட்டல் அறை இலவசமாம்.

"யாருங்க உங்களுக்கு சும்மா ரூம் தர்றாங்க?" என்றாள் மனைவி.

"தட்ஸ் மீ. ஐ கான்ட் ஸ்டாப், அப்பா" என்றான் நிதின்.

எங்கள் நியூ ஜெர்சியில் இருபத்தொரு வயதானால் போனிலேயே பந்தயம் கட்டலாம், சட்டமே அனுமதிக்கிறது. அந்த வயதுக்காக என் லைசென்ஸையும் என் முகத்தையும் காட்டி என் பெயரில் கணக்குத் திறந்திருக்கிறான். வகுப்பில் உட்கார்ந்துகூட விளையாடியிருக்கிறான். எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மிச்சக் குழம்பை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

இப்போது அவன் கவுன்சலிங் போகிறான். 'என்னைச் சூதாட விடாதீர்கள்' என்று கேட்பவர்களுக்கு மாநிலத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. கணக்கு என் பெயரில் இருப்பதால், சீட்டுக்கட்டையே தொடாத நான் அதில் என் பெயரைச் சேர்த்தேன். கடைசியில் போன் என் முகத்தைக் காட்டச் சொன்னது. இப்போதெல்லாம் திரையில் இருப்பதைப் படிக்காமல் எந்தப் போனுக்கும் நான் முகம் காட்டுவதில்லை. ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் காட்டினேன்.