வடகரையில் ஒரு காஸ்பியன் வீடு

தவளைச் சத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. தென்காசிக்குப் பக்கத்தில், வடகரையில் புதிதாக நாற்று நட்ட வயலோரம், சாரலில் நனைந்தபடி, அந்த ஈரானிய இயக்குநர் என் ஹெட்போனை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு நின்றார். ஒலிப்பதிவாளராக எத்தனையோ இயக்குநர்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். ஹெட்போனைத் திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டது அன்றைக்கு மட்டும்தான். வெகுநேரம் கழித்துக் கழற்றித் தந்தவர், தட்டுத் தடுமாறும் ஆங்கிலத்தில், "எங்கள் ஊர் மழைக்கும் இதே சத்தம்தான்" என்றார். ஈரான் என்றாலே மணல் என்று நினைத்திருந்தேன். காஸ்பியன் கடலோரத்தில் நெல் விளைகிற, மழை ஓயாத, ஓட்டு வீடுகள் நிறைந்த ஊர்கள் உண்டென்று அன்றுதான் தெரிந்தது. அவருடைய ஊர் அப்படிப்பட்டது. அங்கே அவரால் திரும்பிப் போக முடியாது. போனால் விமான நிலையத்திலிருந்து நேரே சிறைதான். அதனால் தன் ஊரைத் தேடிக்கொண்டு எங்கள் பக்கம் வந்திருந்தார்.

சென்னையில் படிக்கிற காலத்தில் அவருடைய முதல் படத்தைப் பார்த்திருந்தேன். பனியில் நின்றுபோன ஒரு பேருந்து, அதற்குள் ஒரு கல்யாண கோஷ்டி. அவ்வளவுதான் கதை. படம் முடிந்து வெளியே வந்தால் சென்னை வெயிலில் எனக்கு விரல் நுனி குளிர்ந்திருந்தது. அடுத்து, செங்கல் சூளையில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஒரு படம் எடுத்தார். அதோடு அவருடைய நாட்டில் அவருக்குத் தடை வந்தது. தடைக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. அக்காள் வீட்டு மொட்டைமாடியிலேயே, புறா வளர்க்கிற மனிதர் ஒருவரை வைத்து ரகசியமாக ஒரு படம் முடித்தார். பிறகு வேறு வழியில்லாமல் வெளியேறினார். ஐரோப்பாவில் எடுத்தவை அழகான படங்கள்தான். ஆனால் அடுத்தவர் வீட்டில் முழங்காலைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருக்கும் விருந்தாளி மாதிரி இருந்தன. 'இவர் கதை முடிந்தது' என்று விமர்சகர்கள் எழுதினார்கள். அவரும் அதை வாசித்திருக்கிறார். குற்றாலத்து அறையில் டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னார். "அவர்கள் எழுதியது பொய்யில்லை" என்றும் சொன்னார்.

வடகரைப் படத்தின் கதை எளியது. வருடக்கணக்காக ஊருக்குப் போகாத மகன் ஒருநாள் அம்மா வீட்டுக் கதவைத் தட்டுகிறான். மகனாக நடிக்க, அவரைப் போலவே நாட்டை விட்டு வந்த ஒரு நடிகர் இருந்தார். அம்மாவாக நடிக்க வேண்டிய மூத்த நடிகையை ஈரானில் விமானம் ஏற விடவில்லை. படப்பிடிப்பின் நடுவில் ஒரு காலையில்தான் செய்தி வந்தது. சாரல் இன்னும் சில நாளில் நின்றுவிடும். அந்தக் கதவுக் காட்சி இல்லாவிட்டால் படமே இல்லை.

நாங்கள் படப்பிடிப்புக்கு எடுத்திருந்த ஓட்டு வீட்டின் சொந்தக்காரியை, எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளின் வழக்கப்படி, எல்லோரும் மாமி என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய ஒரே மகன் சவூதியில் இருந்தான். இயக்குநர் அன்று முழுவதும் மாமி நடமாடுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அம்மாவாக நடிப்பாரா என்று மாமியிடம் கேட்கும்படி சாயங்காலம் என்னிடம் சொன்னார்.

"நடிப்பெல்லாம் நமக்கு வராதுட்டி. அந்தப் பையன் வந்து கதவத் தட்டுனாம்னா தொறந்து விடுதேன். அம்புட்டுதான்" என்றார் மாமி.

மகனைக் கண்டதும் கட்டிப் பிடித்து அழ வேண்டும் என்று விளக்கமாகச் சொல்லி வைத்தேன். தலையாட்டினார். மறுநாள் மழை பிடித்ததும் கேமரா ஓடியது. நடிகர் வயலில் இறங்கி நடந்து வந்து கதவைத் தட்டினார். மாமி திறந்தார். முகத்தைப் பார்த்தார். காலைப் பார்த்தார்.

"ஏலே, சகதியோட உள்ள வாராத. சூவக் கழத்து மொதல்ல."

நடிகருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் குரலும், காலைக் காட்டிய விரலும் போதுமானவையாக இருந்தன. குனிந்து ஷூவின் ஈரக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். அவர் பார்க்காத அந்த நேரத்தில் மாமியின் கை அவர் தலைப் பக்கம் போனது, தொடாமலே திரும்பிவிட்டது. என் ஹெட்போனில் மாமியின் மூச்சு மட்டும் உடைந்து உடைந்து கேட்டது. இயக்குநர் 'கட்' சொல்லவில்லை. மாமி உள்ளே போனார், நடிகர் பின்னாலேயே போனார், திறந்த கதவில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அப்போதும் சொல்லவில்லை.

அந்தக் காட்சியை அவர் திரும்ப எடுக்கவே இல்லை. எழுதி வைத்திருந்த வசனப் பக்கங்களைக் கிழித்துப் போட்டார். மாமி சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டு, அதையே தன் மொழியில் டப்பிங் பேச வைத்தார்.

பிற்பாடு நான் மாமியிடம் கேட்டேன், "ஏன் மாமி கட்டிப் பிடிக்கல?"

"எம் மவன் லீவுல வரும்போது நா ஒருநாளும் கட்டிப் பிடிச்சது இல்லட்டி. பிடிச்சா, அப்புறம் விட முடியாதுல்லா."

சமீபத்தில் தென்காசியில் சில நண்பர்கள் ஒரு மண்டபம் பிடித்து, அவருடைய எல்லாப் படங்களையும் வரிசையாகத் திரையிட்டார்கள். பனிப் பேருந்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தபோது மலைப்பாக இருந்தது. வீட்டைப் பூட்டினால் மொட்டைமாடியில் எடுத்தார்; நாட்டைப் பூட்டினால் எங்கள் வயல்வெளியில் வந்து தன் நாட்டைக் கட்டி எழுப்பினார். கடைசிப் படத்துக்கு மாமியை அழைத்துப் போயிருந்தேன். திரையில் தன் வீட்டைப் பார்த்ததும், "ஓடு ஒழுகுறது படத்துல தெரியல, பாத்தியா" என்றார். கதவுக் காட்சியில் அரங்கமே மூச்சு விடவில்லை. மாமி மட்டும் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்த பிறகு, இயக்குநர் எனக்குச் சொல்லியிருந்ததை மாமியிடம் சொன்னேன். அந்தப் படம் அவருடைய நாட்டுக்குள் ரகசியமாகப் பென் டிரைவுகளில் போய்ச் சேர்ந்தது. படுக்கையில் இருந்த அவருடைய அம்மாவுக்கு அக்காள் போட்டுக் காட்டியிருக்கிறாள். அம்மா கடைசிவரை பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுக் கதவுக்கு யாரு புதுசா வர்ணம் அடிச்சது?" என்று கேட்டிருக்கிறார். அவருக்கு அது வேறு நாடு என்று தோன்றவே இல்லை. கொஞ்ச நாளில் இறந்துபோனார். மகனால் அடக்கத்துக்குப் போக முடியவில்லை.

மாமி ஆட்டோ நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"அது அவுக வீடுதாம்னு நெனச்சிக்கிட்டேதான் மவுத்தானாகளா?"

"ஆமா, மாமி."

முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

"அப்பம் மவன் வந்துட்டாம்லா" என்றார்.