உட்காரப் படித்த கதை

பாதி ஆயுளை ரோட்டோரத்தில் நின்றே கழித்த போலீஸ்காரி நான். தேர்த் திருவிழாவோ, மந்திரி வருகையோ, கட்சி ஊர்வலமோ, எதுவானாலும் என்னை ஒரு முக்கில் நிறுத்திவிடுவார்கள். கடைசியில் இரண்டு காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டது. "நிக்கறதக் கொறைச்சுக்கோங்க" என்றார் டாக்டர். அதை என்னிடம் சொன்னதற்குப் பதில் என் மேலதிகாரிகளிடம் சொல்லியிருந்தால் அவருக்குப் புண்ணியமாகப் போயிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் உத்தரவு வந்தது. கோவையில் ஒரு பல்கலைக்கழகமும் காவல்துறையும் சேர்ந்து, புகார் கொடுக்க வருகிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்று எங்களுக்கு ஒரு படிப்பு நடத்தப் போவதாக. சனிக்கிழமைதோறும் வகுப்பு, முடிவில் செய்முறைத் தேர்வு. தேறினால் துடியலூர்ப் பக்கம் ஸ்டேஷனில் புதிதாகப் போடும் உதவி மேசையில் வேலை. மேசை என்றால் நாற்காலியும் இருக்குமல்லவா? முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். படிப்பின் மேல் ஆசையெல்லாம் இல்லை, நாற்காலியின் மேல்தான்.

பாடம் எடுக்க வந்த பேராசிரியைக்கு என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அவர் உள்ளே காலை வைத்ததும் வகுப்பே விறைத்து எழுந்து, "வணக்கங்கம்மா!" என்று முழங்கியது. பாவம், கையிலிருந்த பேனாவைக் கீழே போட்டுவிட்டார். அன்று அவர் எதைச் சொல்லி "புரிஞ்சுதுங்களா?" என்று கேட்டாலும், "புரிஞ்சுதுங்கம்மா!" என்று ஒரே குரலில் பதில். மேலே இருப்பவரிடம் சந்தேகம் கேட்கிற வழக்கம் எங்கள் துறையில் ஏது? அவரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார். அடுத்த வாரம் அதிலிருந்து ஒரு கேள்வி கேட்டதும் குட்டு வெளிப்பட்டது.

"ஏனுங்க, புரியலைன்னா புரியலைன்னு சொல்லக்கூடாதுங்களா?"

"சொல்றோங்கம்மா!" என்று அதற்கும் ஒரே குரலில் முழங்கினோம்.

எனக்கு முதலில் நன்றாக விளங்கிய பாடம் ஒன்றுதான். வந்தவரை உட்காரவைக்க வேண்டும். அவர் உட்கார்ந்த பிறகு நாம் உட்கார வேண்டும். இரண்டு பேர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் வந்தவர் மனம் விட்டுப் பேசுவாராம். இது என்ன பிரமாதம், உட்காரத்தானே வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்வு நாளில் கல்லூரி மாணவிகள் புகார்தாரராக நடிக்க வேண்டும். என்னிடம் வரவேண்டிய மாணவி மதுக்கரையில் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டாள். அன்றைக்கென்று எங்கள் இன்ஸ்பெக்டர் பார்வையிட வந்து, சீருடையோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார். "சார், நீங்க நடிங்களேன்" என்றுவிட்டார் பேராசிரியை. அவரும் குஷியாக வெளியே போய், வண்டி திருட்டுப்போன ஆளாக உள்ளே நுழைந்தார்.

நான் எழுந்து சல்யூட் அடித்தேன். வகுப்பே சிரித்தது.

மறுபடியும் ஆரம்பிக்கச் சொன்னார்கள். இந்த முறை சல்யூட்டை அடக்கிவிட்டேன். அவரை உட்காரவும் சொல்லிவிட்டேன். அவர் உட்கார்ந்தார். என்னால்தான் முடியவில்லை. நாற்காலிக்காக நாளெல்லாம் ஏங்குகிற அதே கால், இன்ஸ்பெக்டர் முன்னால் மடங்குவேனா என்கிறது. எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது.

"பரவால்ல, உக்காரும்மா" என்றார் இன்ஸ்பெக்டர், இரக்கப்பட்டு.

"எஸ் சார்" என்று உட்கார்ந்தேன்.

"புகார் குடுக்க வந்தவரு ஆர்டர் போடறாரு, நீங்க எஸ் சார்ங்கறீங்க. இது செல்லாதுங்க" என்றார் பேராசிரியை. "இன்னும் ஒரே ஒரு தடவைதானுங்க."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிறதே என்று நாற்காலியையே பார்த்தேன். மறுபடி ரோட்டோரம், மறுபடி வெயில். இன்ஸ்பெக்டர் என் முகத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

வெளியே போனவர் உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே தோளைக் குறுக்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஏனுங்கம்மா, உள்ள வரலாங்களா? வண்டியக் காணமுங்க" என்றார். குரல் கம்மியிருந்தது. ஸ்டேஷன் வாசலில் அப்படி எத்தனை பேர் நின்று அவர் பார்த்திருப்பார்! எனக்கு மனசு இளகிவிட்டது.

"வாங்க வாங்க, உக்காருங்க. மொதல்ல தண்ணி குடிங்க" என்றேன். அவர் உட்கார்ந்தார். நானும் எப்படியோ உட்கார்ந்திருந்தேன். வண்டியை எங்கே நிறுத்தினீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன இடம், "அது நம்ம எல்லையில வராதுங்க" என்ற எங்கள் வழக்கமான பதிலை என் வாய்வரை கொண்டுவந்துவிட்டது. நல்லவேளை, முழுங்கிவிட்டேன். தேறியும்விட்டேன்.

உதவி மேசையில் முதல் நாள், முதல் ஆளாக ஒரு அம்மா வந்தார். உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புகளில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர், இப்போது இங்கே அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்கிறார். பஸ்ஸில் செல்போனைத் தொலைத்திருந்தார். நான் எழுந்து, எதிர் நாற்காலியைக் காட்டி, உட்காரச் சொன்னேன்.

"இருக்கட்டுங்க. நின்னே சொல்லிப்போடறேனுங்க."

மறுபடியும் சொன்னேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாரே தவிர உட்காரவில்லை. யார் யார் முன்னாலெல்லாம் உட்காரக்கூடாது என்று அவருக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிவைத்திருப்பார்கள். மடங்காத அந்த முழங்கால் எனக்குத் தெரிந்த முழங்கால்தான். வற்புறுத்தினால் இன்னும் விறைத்துக்கொள்ளும் என்பதும் தெரியும். எனக்கோ கால் விண்விண் என்று தெறித்தது.

"ஏனுங்கம்மா, எனக்குக் கால்ல நரம்பு சுருட்டிக்கிச்சுங்க. நிக்க முடியலீங்க. நீங்க உக்காந்தாத்தான் நான் உக்காரோணும்னு படிப்புல சொல்லிப்போட்டாங்க."

"அட அம்மணி, அத மொதல்லயே சொல்றதில்லையா!" என்று பதறி, பொத்தென்று உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். கண்கள் ஒரே மட்டத்துக்கு வந்தன.

செல்போன் எந்த பஸ்ஸில் போனது என்று நான் கேட்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "எந்தக் காலு கண்ணு? எத்தன நாளா இப்படி வலிக்குது?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். அவர் குறுக்கே பேசாமல், முழுக்கக் கேட்டார்.