எல்லாரும் ஏறியாச்சா?

போன சனிக்கிழமை ஒத்தக்கடையில் என் மகன் படிக்கும் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச வெளியூரிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்திருந்தார்கள். மனுஷர் நன்றாகத்தான் பேசினார். மொபைலைக் குறையுங்கள், காய்கறி கொடுங்கள் என்ற வரைக்கும் நானும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். பிறகு தூங்கும்போது சொல்லும் கதைகளுக்கு வந்தார். “கடைசியில் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்று முடிக்காதீர்கள். அது பிள்ளைகளை ஏமாற்றுவது. உலகம் அப்படி இல்லை” என்றார். முன்வரிசையில் ஒரு அம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எழுந்து நாலு கேள்வி கேட்டிருப்பேன். ஒரு கையில் டீ, வாயில் சமோசா.

திரும்பும் வழியில் மேலூர் ரோட்டில் ஒரு பழைய டவுன் பஸ் என் ஸ்கூட்டிக்கு முன்னால் நின்று மூஞ்சியில் புகையைத் துப்பியது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அது அத்தாவின் சட்டை வாசம். அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அழகர்கோவில் போகும் டவுன் பஸ்ஸில் அவர் கண்டக்டர். பெரிய பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் எங்கள் ஒற்றை அறை வீடு. டூட்டி முடிந்து வந்து காக்கிச் சட்டையை ஆணியில் மாட்டினார் என்றால், டீசலும் சில்லறையும் யாரோ ஏற்றி வந்த மல்லிகைப்பூக் கூடையும் கலந்து வீடே மணக்கும். அந்த வாசம் வந்தால் நானும் தங்கச்சி பானுவும் பாயை விரித்துவிடுவோம். கதை நேரம்.

அத்தாவுக்குத் தெரிந்த உலகம் அவருடைய ரூட் மட்டும்தான். அதனால் ராஜா மகள் புதூரில் ஏறுவாள். ராட்சசன் அழகர்கோவில் மலையடிவாரத்தில் குடியிருப்பான். கடச்சனேந்தலில் ஒரு குட்டி ஜின் ஏறி அரை டிக்கெட் கேட்டுச் சண்டை பிடிக்கும். “வயசு முந்நூறு ஆச்சு, அரை டிக்கெட்டா கேக்குற?” என்று அத்தா அதை விரட்டுவார். பானு சிரித்துப் புரளுவாள். வழியில் என்ன ரகளை நடந்தாலும் முடிவு மட்டும் மாறாது. எல்லாரும் பஸ்ஸுக்குத் திரும்பி வந்தாக வேண்டும்.

“எல்லாரும் ஏறியாச்சா?”

“ராட்சசன் இன்னும் வரலத்தா.”

“அவனும் வரட்டும். அவன மட்டும் அம்போன்னு விட்டுட்டா போறது?”

அவனும் மூச்சு வாங்க வந்து ஏறிய பிறகுதான் விசில். போலாம் ரைட்!

உலகத்தில் எல்லாக் கதையும் இப்படித்தான் முடியும் என்று நான் நம்பியிருந்தேன். மூணாங்கிளாஸில் கதை சொல்லச் சொன்னபோது, கிணற்றில் விழுந்த ஒரு நரியைப் பற்றிச் சொல்லி, “போலாம் ரைட்” என்று முடித்தேன். வகுப்பே சிரித்தது. “நரி எங்கடி போகுது?” என்றார் டீச்சர். எங்கே என்று எனக்கும் தெரியாது. ஆனால் அதைக் கிணற்றிலேயே விட்டுவிட்டு எப்படி முடிப்பது?

அந்த வருஷம்தான் அம்மா மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார். அடக்கம் முடிந்தது. வீடு நிறைய ஆட்கள். பானுவுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதுகூட ஆகவில்லை. ஒவ்வொரு மடியாகப் போய் “அம்மா எங்க?” என்று கேட்டாள். அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, அவளைத் தூக்கிக்கொண்டு, “அம்மா ஊருக்குப் போயிருக்கு தங்கம். நாளைக்கு வந்துரும்” என்றார். பானு அதை நம்பி வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். சோறு வேண்டாம், பால் வேண்டாம். கண் சொருகும்போதெல்லாம் தலையை உலுக்கி முழித்துக்கொண்டாள். அவள் தூங்கிவிட்டால், அம்மா வந்து கதவு திறக்க ஆளில்லாமல் திரும்பிப் போய்விடுமாம். மறுநாளும் அப்படியே. உடம்பு கொதித்தது. இந்தப் பிள்ளையையும் பறிகொடுத்துவிடுவோம் போல என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

அன்று பொழுது சாயும்போது அத்தா என்னையும் கூப்பிட்டுக்கொண்டு படியில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“பானும்மா, அம்மா ஊருக்குப் போகல. மவுத்தாயிருச்சு. இனிமே வராது. அத்தா இருக்கேன்.”

அம்புட்டுத்தான். பானு அலறினாள். பச்சைப் பிள்ளையிடம் பேசுகிற பேச்சா இது என்று பெரியம்மா வைதார். அவள் அழுது ஓயும்வரை அத்தா மடியில் வைத்திருந்தார். பிறகு பாயை விரித்து, “புதூர்ல பஸ் நிக்கிது” என்று ஆரம்பித்தார்.

பெரியம்மாவுக்கு அதுவும் பொறுக்கவில்லை. “துக்க வீட்டுல கதையா தம்பி? அதுவும் நல்லா முடியிற கதை! பிள்ளைய ஏமாத்தாதீங்க.”

அத்தா குரலை உயர்த்தவில்லை. “உள்ளதச் சொல்லிட்டேன்க்கா. அது அவளுக்கு நாளைக்கும் இருக்கும், நாளான்னைக்கும் இருக்கும். இப்ப அவ தூங்கணும்.”

ராஜா மகள் ஏறினாள், ஜின் ஏறியது, ராட்சசனும் ஏறினான். எல்லாரும் ஏறியாச்சா என்றார் அத்தா.

“அம்மா ஏறல” என்றாள் பானு.

நான் அத்தாவைப் பார்த்தேன். அத்தா அவள் தலையைக் கோதிவிட்டார். “அம்மா முன்னாடியே ஏறிருச்சுடா. லேடீஸ் சீட்டு, ஜன்னலோரம். நல்ல காத்து.”

“எங்க இறங்கும்?”

“இறங்காது. பஸ்ஸுலயேதான் இருக்கும்.”

“டிக்கெட்டு?”

“அது கண்டக்டர் பொண்டாட்டி. அதுகிட்ட எவன் டிக்கெட் கேக்குறது?”

பானு லேசாகச் சிரித்தாள். விசில் ஊதுவதற்குள் தூங்கிப்போனாள்.

நீங்களே சொல்லுங்கள், இதில் ஏமாற்றியது யார்? பானு அதற்குப் பிறகு ஒரு நாளும் அம்மாவுக்காக வாசற்படியில் உட்காரவில்லை. அம்மா இல்லை என்று அவளுக்குத் தெரியும். ராட்சசன் இல்லை என்றும் தெரியும். பிள்ளைகள் அவ்வளவு மக்கு இல்லை. உலகம் நல்லபடியாக முடியாது என்று சொல்லிக்கொடுக்க எந்த நிபுணரும் வேண்டாம். ஃபீஸ் வாங்காமல் உலகமே சொல்லிக்கொடுத்துவிடும். என் மகனுக்கு இன்றைக்கும் நல்லபடியாகத்தான் முடித்தேன். நாளைக்கும் அப்படித்தான் முடிப்பேன். யார் என்ன எழுதிக்கொண்டாலும் சரி.

எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு ஜவுளி குடோன் நிற்கிறது. அத்தா போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. பானு ஆனையூரில் இருக்கிறாள். கூட்டம் முடிந்து வந்த கோபத்தோடு அவளுக்குப் போன் போட்டு, அத்தாவின் கதை ஒன்றாவது முழுசாக ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

“எங்கக்கா, பாதியிலயே தூங்கிருவேன்ல” என்றாள். பிறகு, “நாம தூங்குனப்புறம் அத்தா என்னக்கா செய்யும்?” என்றாள்.

பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷர் அந்த ஒற்றை அறையில் மீதி ராத்திரியை எப்படிக் கழித்தார்? அழுதாரா, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாரா? கேட்க இன்றைக்கு அவர் இல்லை. பார்த்திருக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. அம்மா செத்துப்போனது எனக்கும்தான்; ஆனாலும் அந்த வருஷம் முழுக்க, அத்தாவின் கதையில் நானும் நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.