அம்மா தூங்கிய சனிக்கிழமை

ஒரு நிமிடம் சும்மா இருக்கத் தெரியாத பிள்ளை என்று என்னைச் சொல்வார்கள். ஒன்பது வயதில் அது இன்னும் மோசம். அப்படிப்பட்ட என்னையும் இழுத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலை அம்மா யோகா வகுப்புக்குப் போனாள். அமெரிக்காவில், ஜெர்சி சிட்டியில் எங்கள் தெருக்கோடியில் இருந்த சர்ச் ஹாலில் நடந்த வகுப்பு அது.

நடத்தியவர் ரிட்டையரான நர்ஸ்; எங்கள் கட்டடத்துச் சலவை அறையில் அம்மாவுக்குப் பழக்கமான ஆன்ட்டி. அவரும் அங்கே வருபவர்களும் கறுப்பினப் பெண்கள். அம்மா இந்தியாவில் பிறந்தவள், எல்லா ஆசனமும் தெரிந்திருக்கும் என்று நம்பி முன்வரிசையில் இடம் விட்டார்கள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சம்மணம் போட்டு உட்காருவது ஒன்றுதான். வெறுங்கையோடு போகக்கூடாதே என்று பெரிய டப்பா நிறையச் சுண்டல் வேறு கொண்டுவந்திருந்தாள். பாதி வகுப்பில் எழுந்து அதைப் பரிமாறவும் ஆரம்பித்துவிட்டாள். எனக்கு மானம் போயிற்று.

ஆன்ட்டி டப்பாவை வாங்கி ஓரமாக வைத்தார். தங்கள் அம்மாக்கள் ஊரார் வீட்டைப் பெருக்கி, ஊரார் பிள்ளைகளை வளர்த்தவர்கள் என்றும், கொஞ்சம் படு என்று அவர்களிடம் ஒருவரும் சொன்னதில்லை என்றும், அதனால்தான் இங்கே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம் என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு அம்மாவின் தோளைத் தொட்டு, படு என்றார். வகுப்பில் படுத்துத் தூங்கிப்போனவரை எழுப்பக்கூடாது என்பது அங்கே வழக்கம். தானாக விழிக்கும்வரை யாராவது பக்கத்தில் இருப்பார்கள்.

அம்மா படுத்தாள், தூங்கிவிட்டாள். வகுப்பு முடிந்து நான்கைந்து பேர் அவளைச் சுற்றி உட்கார்ந்து, சத்தமில்லாமல் சுண்டல் சாப்பிட்டார்கள். நான் நாற்காலிகளை இரண்டு முறை எண்ணினேன். கால் அரித்தது, வயிறு பசித்தது. அதைவிடப் பயம். அம்மா தூங்கி நான் பார்த்ததே இல்லை. நான் தூங்கப்போகும்போது இந்தியா ஆபீஸோடு போனில் பேசிக்கொண்டிருப்பாள். எழும்போது சமையலறையில் நிற்பாள். அவள் போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அப்பா, அம்மா வேக்அப் ஆக மாட்டேங்கறா!"

அப்பா வீட்டுச் செருப்போடு ஓடிவந்தார். ஆன்ட்டி வாசலிலேயே நிறுத்தி, உதட்டில் விரல் வைத்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, ஒரு குட்டி நாற்காலியில் உட்காரவைத்தார். உடம்புக்கு என்ன என்று அப்பா கேட்டார். ஒன்றுமில்லை, அசதி, எத்தனை நாளாக என்று உங்களுக்குத்தான் தெரியும் என்றார் ஆன்ட்டி. அப்பா என்னைப் பார்த்தார். எனக்கென்ன தெரியும்?

இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்திருப்பேன். அதற்கு மேல் முடியவில்லை. ஆன்ட்டி தண்ணீர் எடுக்க எழுந்த சமயம் பார்த்து, அம்மாவின் காதருகே போய், அப்பா வந்தாச்சு என்றேன்.

அம்மா துள்ளி எழுந்தாள். கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை.

"ஐயோ, சாப்டீங்களா? இதோ வந்து சாதம் வெச்சுடறேன்."

எனக்கு உயிர் வந்தது. வழக்கமான அம்மா திரும்பிவிட்டாள். விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த ஹாலில் வேறு ஒருவரும் சிரிக்கவில்லை, அப்பாகூட. ஏன் யாரும் சிரிக்கலை, ஏன் யாரும் சிரிக்கலை என்று வீடு வரும்வரை அம்மாவைத் துளைத்தெடுத்தேன்.