பத்துப் பேர்ச் காணியில் ஈசான மூலைக் கிணறு

1. தண்ணி மணக்குது

"அண்ணன், கிணத்துத் தண்ணி மணக்குது. புள்ளையளுக்குக் குடுக்கவே பயமா இரிக்கு. ஒருக்கா வந்து பாருங்க."

காலையில் போனில் கோல் எடுத்தவள் புஷ்பம். வாவிக்கரையோரத் தென்னந்தோட்டம் ஒன்றைப் பத்துப் பத்துப் பேர்ச்சாக, ஒரு வீடும் சின்ன முற்றமும் மட்டும் அடங்குகிற துண்டுகளாகப் பிரித்து விற்கத் தொடங்கியபோது, முதலில் வந்து வீடு கட்டியவர்களில் ஒருத்தி. கணவன் கட்டாரில் வேலை. இரண்டு சின்னப் பிள்ளைகள். குழாய்த் தண்ணீர் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை. அவளுக்கு அந்தக் கிணறுதான் எல்லாம். அதை இறக்கியவன் நான்.

முப்பது வருடமாக எனக்குக் கொட்டுக்கிணறு வேலை. கொட்டு என்றால் சீமெந்து வளையம். ஒன்றின்மேல் ஒன்றாக மணலுக்குள் இறக்கி, நல்ல ஊற்று வந்ததும் நிறுத்துவோம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் நான் மண்வெட்டி தொட்டதில்லை. ஈசான மூலை, அதாவது வடகிழக்கு மூலை தவிர வேறெங்கும் கிணறு வைத்ததுமில்லை. அந்தத் தோட்டத்தில் நான் இறக்கிய எல்லாக் கிணறும் அப்படித்தான்.

சைக்கிளில் போய் ஒரு வாளி அள்ளி முகர்ந்தேன். தவளை ஏதும் செத்திருக்கும் என்று சொல்லி, மோட்டர் போட்டு இறைத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் திரும்பவும் கோல்.

அன்றைக்குத்தான் கிணற்றடியில் நின்று தகர வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மலசலகூடக் குழியின் மூடி தெரிந்தது. ஏழு அடி இருக்கும். அந்த வீட்டைக் கட்டிய மேசனும் மனைச் சாத்திரம் பார்க்கிற மனிதர். குழியை வாயு மூலையில், வடமேற்கில் வைத்திருந்தார். சரியான இடம்தான்.

ஏக்கர் கணக்கான வளவில் எந்த மூலையில் எது இருந்தாலும் ஒன்றையொன்று தொடாது. இங்கே ஒருவருடைய வடமேற்கு, அடுத்தவருடைய வடகிழக்கோடு முட்டுகிறது. அவரவர் வளவுக்குள் நாடா பிடித்தால் தூரம் சரி. வேலிக்கு அந்தப் பக்கம் நாங்கள் ஒருவரும் நாடா பிடிக்கவில்லை.

2. கோயில் முற்றத்தில்

தோட்டத்தின் மற்றப் பாதியையும் பிரிக்கப் போகிறார்கள் என்று ஊரில் கதை வந்தது. அதைத் தடுக்கச் சொல்லிப் பிரதேச சபைக்கு மனுக் கொடுக்க ஊரார் பிள்ளையார் கோயில் முற்றத்தில் கூடினார்கள். "தண்ணிக்கு ஒரு குறையும் வராது, கிணறு இறக்கிறவரே சொல்லுவார்" என்று காணி விற்பவர் என்னையும் வரச் சொல்லியிருந்தார். மற்றப் பாதிக் கிணறுகளும் எனக்குத்தான் என்று பேச்சு.

தம்பிராசா அண்ணன் எழும்பினார். புஷ்பத்தின் வளவுக்குத் தெற்கே, இரண்டு ஏக்கரில் இருக்கிற பழைய குடி.

"இவர் என்னத்தச் சொல்லப் போறார்? வீடு கூடினா இவருக்குக் கிணறும் கூடும். கூலிக்குப் பேச வந்தீரா ஓய்?"

எல்லாரும் சிரித்தார்கள். பின்னால் யாரோ, "வந்தாக்களாலதான் இப்ப ஊரே நாறுது" என்றார்.

பெண்கள் பக்கம் இருந்த புஷ்பம் மெல்லக் கேட்டாள். "நாங்களும் தண்ணி குடிச்சுச் சீவிக்கத்தானே வந்தம். ரெண்டு புள்ளையளையும் கொண்டு நான் இனி எங்க போற?"

தவளைக் கதையை அங்கேயும் சொல்லித் தப்பியிருக்கலாம். முன்னால் பிள்ளையாருக்கு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முற்றத்து மணலில் குந்தி, விரலால் நாலு பெட்டி கீறினேன். கிணற்றுக்கு ஒரு கல், குழிக்கு ஒரு சிரட்டை வைத்தேன். வேலிக்கு வேலி கல்லும் சிரட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன.

"பிழை அந்தப் புள்ளையில இல்ல. நான் மூலையப் பாத்தன், பக்கத்து வளவப் பாக்கல்ல. இப்பிடி நெருக்கிக் கட்டினா எல்லாக் கிணறும் இந்தக் கதிதான்."

தம்பிராசா அண்ணன் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "அப்ப என்ட வேலியோட வாற வீட்டுக்குழி?"

"இப்ப உங்கட கிணறு தூரத்தில இரிக்கு அண்ணன். வேலி நீளத்துக்கும் குழி வந்தா அந்தத் தண்ணியும் கெடும்."

மனுவை மாற்றி எழுதினோம். மீதித் தோட்டம் முழுவதையும் ஒரே வளவாக எண்ணி, கிணறுகள் ஒரு கரையில், குழிகள் மறு கரையில், இடையில் வேண்டிய தூரம் விட்ட பிறகே பிரிக்க வேண்டும் என்று கேட்டோம். மனு இன்னும் பிரதேச சபைக் கந்தோரில் இருக்கிறது. காணி விற்பவர் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

3. மூடிய நாள்

புஷ்பத்தின் கிணற்றை நானே மூடினேன். கற்பூரம் கொளுத்தி, கிணற்றுக் கட்டின்மேல் தலை வைத்து மன்னிப்புக் கேட்டேன்.

"முதல் வாளி அள்ளிச் சாமிக்கு வெச்ச கிணறு அண்ணன்" என்று அவள் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. மணலை அள்ளிப் போட்டேன்.

பாதி மூடுகையில் தெற்கு வேலியில் சத்தம். தம்பிராசா அண்ணன் குறடு கொண்டுவந்து முட்கம்பியை வெட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கிணறு வளவின் நடுவில், இப்போதைக்கு எந்தக் குழிக்கும் எட்டாத தூரத்தில் இருக்கிறது.

"புள்ள, றோட்டால சுத்தி வராத. இதால வந்து அள்ளு. சின்னன் ரெண்டும் கிணத்தடிக்கு ஓடாமப் பாத்துக்க" என்றார். பிறகு என் பக்கம் கிறுகி, "நீர் என்ன ஓய் வாயப் பாத்துக்கொண்டு? கப்பி கத்துது, எண்ணெய் போடும்!" என்றார்.

இந்த வேலைக்கு வருகிற தம்பிமாருக்கு நான் சொல்வது இதுதான். சாமியைக் கும்பிடுங்கள், மூலையும் பாருங்கள். ஆனால் தேங்காய் உடைக்க முதல் நாடாவைப் பக்கத்து வளவுக்குள்ளும் கொண்டுபோங்கள். பிள்ளையார் அங்கேயும் இருக்கிறார்.