வட்டி வராத இடம்

ஜபீன் எங்கள் கம்பெனியில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. சம்பளம் போடுவதற்காக பேங்க் பாஸ்புக் நகலைக் கொடுக்க என் மேஜைக்கு வந்தவள், கொடுத்த பிறகும் போகாமல் நின்றாள்.

"அக்கா, காசு போட்டு வைக்க வட்டி வராத இடமா எதனா இருக்குதா?" என்று கேட்டாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் சம்பளப் பிரிவில் அப்போதே ஒன்பது வருஷம் முடித்திருந்தேன். வட்டி எங்கே அதிகம் என்று கேட்டு வந்தவர்கள்தான் எத்தனையோ பேர். இப்படிக் கேட்டவள் இவள் ஒருத்திதான். விளையாட்டுக்குக் கேட்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிறவளின் முகம்.

அவள் பழவேற்காட்டுக்காரி. வயது முப்பத்திரண்டு. கணவர் தௌஹீத், எங்கள் கம்பெனிக்கு நாலு தெரு தள்ளி ஒரு இரும்பு உருக்கு ஆலையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். 2018 ஏப்ரலில் ஒரு காலை ஷிப்டில் காய்ச்சிய இரும்போடு கொப்பரை சரிந்து விழுந்தது. மூன்று பேர் போனார்கள். அதில் அவரும் ஒருவர். அன்றைக்கு அந்தப் புகையை எங்கள் கம்பெனி வாசலில் நின்று நானும் பார்த்தேன். யார் எவர் என்று அப்போது தெரியாது.

கணவன் இறந்தால் நாலு மாசம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வராமல் இத்தா இருக்க வேண்டும் அவர்களுக்கு. அந்த நாட்களில்தான் ஆலைக்காரர்கள் நஷ்டஈடாக எட்டு லட்சத்துக்குச் செக் கொண்டுவந்தார்கள். கதவுக்குப் பின்னால் நின்று, மகள் மெஹர்னிசா நீட்டிய காகிதத்தில் ஜபீன் கையெழுத்துப் போட்டாள். மெஹருக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. ஈஎஸ்ஐ பென்ஷன் மாசாமாசம் வந்தது, ஆனால் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே அது சரியாக இருந்தது. இத்தா முடிந்ததும் எங்களிடம் வேலைக்கு வந்துவிட்டாள். நாங்கள் மருந்து பாட்டிலுக்கு மூடி செய்கிறவர்கள். கோணல் மூடி, கீறல் மூடியைப் பொறுக்கி எடுக்கிற மேஜையில் அவளை உட்கார வைத்தார்கள்.

அந்த எட்டு லட்சத்தைத்தான் எங்கே வைப்பது என்று கேட்டாள். பேங்க் மேனேஜர் ஃபிக்ஸட் டெபாசிட் என்றாராம். வட்டி ஹராம், மார்க்கத்தில் கூடாது என்று இவள் சொன்னதும், "எல்லாரும் வாங்கறாங்கம்மா" என்றாராம்.

"மெஹர் படிப்புக்கு அக்கா. ஏழு வருஷம் இருக்குது" என்றாள்.

அப்போது என் பெயரிலும் பங்கு வாங்கி வைக்கிற டீமேட் கணக்கு ஒன்று இருந்தது. தணிகைவேல், என் கணவர், சொல்லி ஆரம்பித்தது. இடிஎஃப் கொஞ்சம் வைத்திருந்தேன். அதை அவளுக்கு எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். நிறைய கம்பெனிகளின் பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒரே யூனிட்டாக்கி வைத்திருப்பார்கள். அந்த யூனிட்டைப் பங்கு மாதிரியே சந்தையில் வாங்கலாம், விற்கலாம். ஏறும், இறங்கும். யாரும் வட்டி தருவதில்லை.

"அதுல பேங்க் இருக்குமா?"

"இருக்கும். மூணுல ஒரு பங்கு பேங்க்தான்."

"அப்ப வேணாம்."

தேடியதில் பேங்க், சாராயம், சிகரெட் கம்பெனிகளை விலக்கிவிட்டு ஷரியா முறைப்படி வடிகட்டிய பட்டியலிலும் இடிஎஃப் உண்டு என்று தெரிந்தது. நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. உள்ளே இருந்த கம்பெனிகளின் பெயர்களை ஆபீஸ் பிரின்டரில் எடுத்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு போய் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் காட்டிவிட்டு வந்தாள். அவர் ரெண்டு கம்பெனியைப் பற்றி மட்டும் கேட்டாராம், பிறகு சரி என்றாராம்.

"உனக்கு சரின்னு தோணுதா?" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் தோணலக்கா. அவரு பாத்துட்டாரு, நீங்க பாத்துட்டீங்க."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொருத்தி வாழ்க்கையைத் தூக்கி என் மடியில் வைத்த மாதிரி இருந்தது.

கணக்கு தொடங்க கும்மிடிப்பூண்டியில் அவள் வாடகை வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு, அவளுடைய அண்ணன் ஹனீப் வந்தார். பழவேற்காட்டில் இறால் வாங்கி மெட்ராஸுக்கு அனுப்புகிற வியாபாரம். ஐஸ் ஃபேக்டரி ஒன்று போட யோசனை. என் கையில் இருந்த ஃபோனைப் பார்த்தார்.

"எட்டு லட்சத்த ஃபோனுக்குள்ள போட்டு வைக்கப் போறியா நீ?" என்றார் தங்கையிடம். "எங்கிட்ட குடு. வட்டி இல்ல, ஹராம் இல்ல. லாபத்துல பங்கு தரேன்."

"நஷ்டமானா, அண்ணா?"

"நஷ்டம் இன்னாத்துக்கு ஆவுது? ஐஸ் இல்லாம எறா எப்டி மெட்ராஸ் போவும்?"

ஜபீன் அதே குரலில் சொன்னாள். "வேணும்னா உங்கிட்ட வந்து கேக்கணும். அண்ணி என்ன நெனைக்கும், நீ அப்ப எப்டி இருப்பன்னு யோசிக்கணும். இத விக்கறதுக்கு யாருகிட்டயும் போய் நிக்க வேணாம்."

"என்னிய நம்பலன்னு சொல்லு."

"நம்பறேன். கேக்கத்தான் முடியாது."

ஹனீப் சாப்பிடாமல் எழுந்து போனார். ஒரு வருஷத்துக்கு மேல் பேச்சு இல்லை. ஜபீன் அதற்கும் அழவில்லை. எனக்குத் தட்டு வைத்துப் பரிமாறினாள். அப்புறம் அந்த ஐஸ் ஃபேக்டரி நன்றாகவே ஓடியது, ஹனீப் ரெண்டாவது வண்டியும் வாங்கிவிட்டார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ரெண்டு லட்சத்தை அவசரத்துக்கென்று பேங்கில் விட்டுவிட்டு, அதில் விழும் வட்டியை அப்படியே ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவது, ஆறு லட்சத்தை மாசம் இருபதாயிரமாகப் போடுவது என்று முடிவு செய்தோம். 2019 ஜனவரியில் முதல் தடவை வாங்கியபோது தப்புப் பண்ணினேன். விலை போடாமல், சந்தை விலைக்கே வாங்கச் சொல்லி அழுத்திவிட்டேன். அந்த யூனிட்டை விற்கிறவர்கள் ஒரு நாளைக்கு மிகக் குறைவு என்பதைக் கவனிக்கவில்லை. உண்மை மதிப்பு இருநூற்று ஐம்பதை ஒட்டி இருந்ததை இருநூற்று அறுபத்திரண்டுக்கு வாங்கிவிட்டோம். அவளிடம் சொன்னேன்.

"பரவால்லக்கா" என்றாள். மேஜைக்குத் திரும்பிப் போய் மூடி பொறுக்க உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் மதிப்பைப் பார்த்து நாங்களே ஒரு விலை போடுவோம். அந்த விலைக்கு யாராவது விற்றால் கிடைக்கும். சில நாள் ஒரு யூனிட்கூட வராது. மறுநாள் திரும்பப் போடுவோம். அவள் பக்கத்தில் நின்று பார்ப்பாள். எவ்வளவு ஆச்சு என்று ஒரு மாசமும் கேட்டதில்லை.

ஒரு நாள் அவளைப் பெட்டி ஒட்டும் மெஷினுக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். சூடான தகட்டின் மேல் கையை வைத்தபடி நின்றிருக்கிறாள். சூப்பர்வைசர் பீட்டர் பார்த்துவிட்டு ஓடிவந்து இழுத்தார். உள்ளங்கை வெந்திருந்தது. முதலுதவிப் பெட்டியோடு நான் போனபோது, "தெரிலக்கா" என்று மட்டும் சொன்னாள். வலியை அடக்கிக்கொண்டு சொன்னதாகத் தெரியவில்லை. எனக்கு அன்றைக்குத்தான் பயமாக இருந்தது. டாக்டரிடம் போகலாம் என்றேன். கைக்கு மருந்து போட வந்தாள். மனசுக்கு ஒரு டாக்டரைப் பார்க்கலாம் என்றதற்கு வரவில்லை.

2020 மார்ச்சில் எல்லாம் மூடினார்கள். மருந்து பாட்டில் மூடி என்பதால் எங்களுக்கு மட்டும் சீக்கிரமே அனுமதி வந்தது. ஏப்ரலில் பாதி ஆட்களோடு திறந்தோம். சந்தை தலைகுப்புற விழுந்திருந்தது. நான் என்னுடையதை எல்லாம் பயந்து விற்றுவிட்டிருந்தேன். தணிகைவேல் தடுத்தும் கேட்கவில்லை. ஜபீனிடம் எப்படிச் சொல்வது என்று ரெண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

"மூணு லட்சம் போட்டது ரெண்டே கால்ல நிக்குது" என்றேன்.

"சரி."

"இன்னும் இறங்கலாம்."

"சரிக்கா. இந்த மாசத்துது எப்ப வாங்கறோம்?"

வாங்கினோம். அதற்கடுத்த மாசமும் வாங்கினோம். 2021 ஜூனோடு ஆறு லட்சமும் உள்ளே போய்விட்டது. அந்த மோசமான மாசங்களில் மலிவாக வாங்கியதுதான் பின்னால் அவளுக்குக் கை கொடுத்தது. எங்கள் கம்பெனியில் பங்கு பற்றிப் பேச்சு வந்தால் நான் அவளைத்தான் சொல்வேன். ஜபீன் மாதிரி தைரியம் வேண்டும் என்பேன். அவள் கேட்டுக்கொண்டே மூடியைப் பொறுக்குவாள். ரம்ஜான் மாசத்தில் ஒரு தடவை மட்டும் மொத்த மதிப்பு எவ்வளவு என்று கேட்பாள், ஏழைகளுக்குக் கொடுக்கிற ஜகாத் கணக்குப் பார்க்க. சொன்னால் குறித்துக்கொள்வாள். அவ்வளவுதான்.

மெஹர் வளர்ந்தாள். உம்மாவைப் போல இல்லாமல் வாய் ஓயாத பெண். பத்தாவதில் நல்ல மார்க். பி.பார்ம் படிக்க வேண்டும் என்று பன்னிரண்டாவது சேரும்போதே சொல்லிவிட்டாள்.

2025 பிப்ரவரியில் ஒரு நாள், டீ நேரத்துக்கு முன்னாலேயே ஜபீன் என் மேஜைக்கு வந்தாள். கையில் ஃபோன்.

"அக்கா, இன்னிக்கும் இறங்கிக்குது."

அவள் ஃபோனில் அந்த ஆப் இருப்பதே எனக்குத் தெரியாது.

"நீ எப்ப இருந்து பாக்கற?"

"பொங்கல்ல இருந்து. மெஹருதான் போட்டுக் குடுத்துச்சு. ஃபீஸு எவ்ளோ ஆவும்னு காலேஜ் காலேஜா பாத்துக்கினு இருந்துச்சு. நம்ம காசு பத்துமா உம்மான்னு எங்கிட்ட கேட்டுச்சுக்கா. அதுல இருந்து பாத்துக்கினே இருக்கேன்."

ஆறு லட்சம் போட்டது போன செப்டம்பரில் பதினொன்றரை வரை போயிருந்தது. இப்போது பத்துக்கு வந்துவிட்டது. ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரே நாளில் பெரிதாக விழுந்து அதற்கும் கீழே போனது. அன்று காலையில் அவள் மூடி மேஜைக்கே போகவில்லை. நேராக என்னிடம் வந்தாள். முகம் வியர்த்திருந்தது.

"எல்லாத்தையும் வித்துருவோமா?"

"இன்னும் கொஞ்சம் பொறுத்தா ஏறும் ஜபீன். அஞ்சு வருஷம் முன்னாடி இத விட மோசம். அப்ப நீ கண்ணக்கூட சிமிட்டல."

"அப்ப எனக்கு ஒண்ணும் தெரிலக்கா" என்றாள். "எல்லாரும் தைரியம் தைரியம்னீங்க. எனக்கு உள்ள ஒண்ணுமே இல்ல. நெருப்பு வச்சாலும் தெரியாம இருந்தேன். அவரு போனன்னிக்குக்கூட எனக்கு இந்தப் பயம் வரல."

சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டாள். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் கண்ணாடித் தடுப்பு வழியே பீட்டர் பார்த்தார், பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். நான் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு நின்றேன். ஏழு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தௌஹீத் பெயரை ரெண்டு தரம் சொன்னாள்.

தப்பு என் பேரிலும் இருந்தது. ரெண்டு வருஷம் முன்பே, விலை நன்றாக இருந்தபோதே, முதல் ரெண்டு வருஷ ஃபீஸுக்கானதைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்று எடுத்து வைத்திருக்க வேண்டும். சீக்கிரம் தேவைப்படும் பணத்தை சந்தையில் விட்டு வைத்திருக்கக் கூடாது. எனக்குத் தோன்றவில்லை. அதை அவளிடம் சொன்னேன்.

"போவட்டும். இப்ப இன்னா பண்றது, அத சொல்லுங்க" என்றாள், மூக்கைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு.

ரெண்டு வருஷத்துக்கான மூன்று லட்சத்தை மட்டும் விற்பது, மீதியைத் தொடாமல் விடுவது என்று பேசினோம். விற்கவும் அதே கஷ்டம்தான், வாங்க ஆள் குறைவு. மூன்று நாள் சாப்பாட்டு நேரம் முழுக்க நாங்களே விலை போட்டு, பத்து யூனிட், இருபது யூனிட் என்று விற்றோம். ஒவ்வொரு தடவையும் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். விரல் பதியும் அளவுக்கு.

ஜூலையில் விலை மறுபடி ஏறிவிட்டது. காத்திருந்தால் இருபது யூனிட்டாவது குறைவாக விற்றிருக்கலாம். அதைச் சொன்னபோது எனக்குத்தான் திட்டு விழுந்தது. "அத எதுக்குக்கா இப்ப சொல்றீங்க?" என்று அரை நாள் என்னிடம் பேசவில்லை.

மெஹருக்குத் திருவள்ளூர் பக்கம் ஒரு கல்லூரியில் பி.பார்ம் கிடைத்தது. சேர்க்கைக்கு ஹனீப் தன் வண்டியில் கூட்டிப்போனார். ஃபீஸ் நானே கட்டுகிறேன் என்று கவுன்டரில் கார்டை நீட்டியிருக்கிறார். ஜபீன் விடவில்லை. அவர் புத்தகமும் வெள்ளைக் கோட்டும் வாங்கித் தரட்டும் என்று முடிந்ததாம்.

மீதி யூனிட்கள் அப்படியே இருக்கின்றன. ஆப்பைப் பார்க்காதே என்று சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்பதில்லை. ஒரு ரூபாய் இறங்கினாலும் வந்து நிற்கிறாள். காலையில் ஆறரைக்குக் கல்லூரி பஸ் பைபாஸில் மெஹரை ஏற்றிக்கொள்கிறது. சாயங்காலம் அது பத்து நிமிஷம் தாமதமானால் போதும், ஜபீன் எனக்கு ஃபோன் செய்கிறாள். சோழவரத்தில் என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்? இருந்தாலும் பஸ் வந்து சேருகிற வரைக்கும் ஃபோனை வைக்காமல் பேசிக்கொண்டிருப்பேன்.