சத்தம் போடாத பெட்டி

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் பரிமளாவின் குரலைக் கேட்காதவர்கள் குறைவு. அவள் முகம் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. காலையில் தெருவுக்குள் நுழைகிற வெங்காய வண்டி, பழைய மிக்சிக்குப் பிளாஸ்டிக் குடம் தருகிற வண்டி, மெத்தை தைக்கிற வண்டி, எல்லாவற்றின் ஒலிபெருக்கியிலும் பேசுவது அவள்தான். "அம்மா வாங்க, அக்கா வாங்க, சின்ன வெங்காயம் வந்திருக்கு. உரிச்சா கண்ணு கரிக்கும், வதக்கினா தெருவே மணக்கும்" என்று அவள் கூப்பிட்டால், வெங்காயம் வீட்டில் இருக்கிறவர்களும் ஒருமுறை வாசலை எட்டிப் பார்ப்பார்கள்.

ஜெயங்கொண்டத்தில் பிறந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அரியலூரில் ஒரு மைக்செட் கடையில் விற்பனைக்கு நின்றாள். ஒரு ஆடி மாதம், விளம்பரம் படிக்க வரும் ஆளுக்குத் தொண்டை கட்டிப் போனது. ஜவுளிக்கடை ஆட்டோ வாசலில் காத்து நின்றது. முதலாளி வேறு வழியில்லாமல் மைக்கையும் காகிதத்தையும் இவள் கையில் கொடுத்தார். காகிதத்தில் "அன்பார்ந்த பொதுமக்களே" என்று இருந்தது. அது அவள் வாயில் வரவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி, "அக்கா, இங்க வாங்களேன், இந்தச் சேலையப் பாருங்களேன்" என்று ஆரம்பித்துவிட்டாள். அன்று மத்தியானம் ஜவுளிக்கடைக்கு வந்த பெண்கள், "அந்தப் பொண்ணு சொன்ன சேலை எதுங்க?" என்று கேட்டார்களாம். அதிலிருந்து அவளுக்கு இதுதான் வேலை.

சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் ராஜவேலுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். கூடத்துச் சுவர் அலமாரியில் பலகைகளை எடுத்துவிட்டு, உள்ளே மூன்று பக்கமும் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டு, நடுவே ஒரு மைக், கீழே ஒரு முக்காலி. காலடியில் பெரிய கம்ப்யூட்டர் பெட்டி. கதவைச் சாத்திக்கொண்டால் அதுதான் அவளுடைய ஸ்டுடியோ.

பன்னிரண்டு வருடம் உழைத்த அந்தப் பெட்டிக்கு இந்தச் சித்திரையில் இழுப்பு வந்துவிட்டது. முதலில் சொன்னது திருமுருகன்தான். பாடாலூர்க்காரன், வெங்காய வண்டி வைத்திருப்பவன், அவளுடைய பழைய வாடிக்கைக்காரன். ஒருநாள் போன் செய்தான்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. வெங்காயத்துக்குப் பின்னாடி மாவு மில்லு ஓடுதுங்க."

"என்ன திருமுருகா சொல்ற?"

"நெசமாத்தாங்க்கா. நேத்து பூலாம்பாடியில ஒரு அம்மா தூக்குல அரிசியோட வந்து நிக்கிது. பச்சரிசி அரைப்பியாப்பான்னு கேக்குது."

பரிமளா சிரித்துவிட்டாள். போனை வைத்ததும் ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். அவன் சொன்னதில் பொய்யே இல்லை. "அக்கா வாங்க"வுக்கும் "சின்ன வெங்காயம்" என்பதற்கும் நடுவில் உர்ர்ரென்று ஒரு இரைச்சல். கம்ப்யூட்டர் விசிறிதான். பெட்டியைத் திறந்தால் கைப்பிடி அளவு வெள்ளைத் தூள். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலையோரத்து வீடு, வேறு என்ன இருக்கும்? பிரஷ்ஷால் தட்டினாள், எண்ணெய் விட்டாள். இரண்டு நாள் அடங்கியது, மூன்றாம் நாள் இன்னும் பலமாகப் பிடித்துக்கொண்டது. பெட்டியை வெளித் தாழ்வாரத்தில் வைத்துச் சன்னல் வழியாக வயரை இழுத்துப் பார்த்தாள். அங்கே தூசி இரண்டு மடங்கு, ஒரே வாரத்தில் பெட்டி நடுவழியில் அணைய ஆரம்பித்தது. செல்போனில் பதிந்து பார்த்தாள். குடத்துக்குள் தலையை விட்டுப் பேசின மாதிரி இருந்தது.

"ஒரு லேப்டாப் வாங்கிக்கயேன்" என்றான் ராஜவேல்.

"அதுலயும் விசிறி இருக்குங்க. இன்னும் கீச்சுனு கத்தும்."

ஒரு வாரம் வீடியோ வீடியோவாகப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்தில் மினி பிசி என்று ஒன்று இருப்பதும், அதிலேயே விசிறி இல்லாத வகை உண்டு என்பதும் தெரிந்தது. அதற்குமேல் ஆளுக்கொன்று சொன்னார்கள், குழப்பம்தான் மிஞ்சியது. ஒரு சீட்டில் "விசிறி கூடாது. பழைய மானிட்டரின் நீலத்தலை வயர் சேர வேண்டும்" என்று எழுதி, மைக்கையும் ஹெட்போனையும் பைக்குள் போட்டுக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் வினோதினியின் கம்ப்யூட்டர் கடை. முப்பது வயதுக்காரி, ஸ்க்ரூ டிரைவரைப் பேனா மாதிரி காதில் செருகியிருந்தாள். சீட்டைப் படித்துவிட்டு மூன்று பெட்டிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஒன்று வெள்ளையாக, சோப்பு டப்பா போல அழகாக இருந்தது. இன்னொன்று அதைவிடத் தட்டை. மூன்றாவது கறுப்பு, குண்டு, உடம்பெல்லாம் வரிவரியாக மேடு பள்ளம்.

"இந்தக் கறுப்ப 'பேர்போன்'னு சொல்வாங்கக்கா, வெறும் எலும்புக்கூடுன்னு அர்த்தம். போர்டும் பிராசசரும் மட்டும் உள்ள இருக்கும். ராம்னு சொல்ற மெமரி அட்டை, டிஸ்க்கு எல்லாம் நாமதான் வாங்கிப் போட்டுக்கணும். வூட்டக் கட்டிக் குடுத்துட்டு, சாமான நீங்க வாங்கிப் போட்டுக்குங்கன்னு சொல்ற மாதிரி. மத்த ரெண்டும் எல்லாம் போட்டே வருது. இந்த வெள்ளையத்தான் எல்லாரும் வாங்குறாங்க. வேகமும் அதிகம். உள்ள சின்ன விசிறி ஒண்ணு இருக்கு, ஆனா சத்தமே கேக்காது."

"யாரு காதுக்கு?" என்றாள் பரிமளா.

வினோதினிக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. கறுப்புப் பெட்டிக்குத் தற்காலிகமாக ராமும் டிஸ்க்கும் போட்டு, மூன்றையும் ஓடவிட்டாள். பரிமளா மைக்கை எடுத்தாள். "ஏம்மா, கொஞ்ச நேரம் மேல ஓடுற ஃபேனை நிறுத்துறியா? கதவையும் சாத்திடேன்." பிரிண்டரைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்திருந்த முத்துவேல் என்ற கூட்டுறவுச் சங்க ஊழியர், என்ன நடக்கிறது என்று புரியாமல் பிரிண்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மைக்கை வெள்ளைப் பெட்டியில் செருகி, பரிமளா வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். "அம்மா வாங்க, அக்கா வாங்க, சின்ன வெங்காயம்..."

முத்துவேல் துள்ளி எழுந்தார். பிரிண்டர் விழப் பார்த்தது. "அட, நீங்களா அது! தெனமும் எட்டு மணிக்கு எங்க வூட்டு வாசல்ல நீங்கதான். எம் பொண்டாட்டி உங்க பேச்சக் கேட்டுக் கேட்டு வாங்கி வூடு பூரா வெங்காயமா கெடக்கு!"

"சார், ஒரு பத்து நிமிஷம் பேசாம இருங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும்" என்றாள் பரிமளா சிரித்துக்கொண்டே. அவர் வாயில் விரலை வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

வெள்ளைப் பெட்டி முதல் ஐந்து நிமிடம் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது. சூடு ஏறியதும் ஹெட்போனில் ஒரு கொசு பறக்க ஆரம்பித்தது. வினோதினியும் மாட்டிக் கேட்டாள், அவளுக்கே ஆச்சரியம். தட்டைப் பெட்டியில் விசிறியே இல்லை. இருந்தும் கீ என்று ஊசி மாதிரி ஒரு சத்தம், அதுவும் மவுசை நகர்த்தும்போதெல்லாம். "உள்ள கரண்டு ஓடுற சத்தம்க்கா இது. சில போர்டுல வரும்" என்றாள் வினோதினி. கறுப்புக் குண்டனில் பேசிவிட்டுக் கேட்டபோது பரிமளா கண்ணை மூடிக்கொண்டாள். தன் குரல் முடிந்த பிறகு ஒன்றுமே இல்லை. கொஞ்சம் பொறுத்து, கீழே பஸ் ஸ்டாண்டில் கொய்யாப்பழம் விற்கிறவரின் கூவல் மட்டும் சன்னமாக வந்தது.

"இதான்" என்றாள்.

"வேகம் கம்மிக்கா. பாக்கவும் அவ்ளோ அழகா இருக்காது."

"நான் என்ன அதுக்குப் பொண்ணா பாக்குறேன்? நீல வயர் சேருமா?"

சேர்ந்தது. குரல் பதிகிற வேலைக்கு ராம் தாராளமாக இருந்தால் டிஸ்க் சின்னதாகவே போதும் என்று வினோதினி எடுத்துக் கொடுத்தாள். எல்லாம் போட்டே வந்த பெட்டியில் இப்படி வேண்டியதைக் கூட்டி வேண்டாததைக் குறைக்க முடியாது என்பது அப்போதுதான் பரிமளாவுக்குப் புரிந்தது. மாட்டியே தருகிறேன் என்றதற்கு அவள் ஒப்பவில்லை. "நானே பூட்டிக்கிறேன். எங்க ஊருத் தூசிக்குக் கழட்டத் தெரிஞ்சிருக்கணும்ல." வினோதினி ஒருமுறை பூட்டிக் காட்டி, கழற்றி, தனித்தனியாகக் கட்டிக் கொடுத்தாள். "மேல மேடு பள்ளமா இருக்குல்ல, விசிறி இல்லாததால அது வழியாத்தான் சூடு வெளிய போகும். துணி கிணி போட்டு மூடிடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை, ராஜவேலுக்கு வண்டி இல்லாத நாள். கூடத்தில் பாயை விரித்து எல்லாவற்றையும் பரப்பினாள். பெட்டியைத் திறந்து பார்த்த ராஜவேல், "என்ன பரிமளா, உள்ள பாதி எடம் காலியா கெடக்கு. ஏமாத்திட்டாங்களா?" என்றான்.

"காலியாத்தான் வாங்கினேன். அந்தச் சின்ன ஸ்க்ரூவ எடுங்க."

ராமைச் சாய்த்துச் செருகி அழுத்தினாள், டிஸ்க்கைப் பூட்டினாள், மூடினாள், பொத்தானை அமுக்கினாள். பச்சை விளக்கு எரிந்தது. திரை இருட்டாகவே இருந்தது. இத்தனை வருடமாகக் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது என்பதை இரைச்சலை வைத்தே தெரிந்துகொண்டவளுக்கு, இது செத்ததா உயிரோடு இருக்கிறதா என்றே புரியவில்லை. நீல வயரைப் பிடுங்கிச் செருகினாள். மானிட்டரைத் தட்டினாள். தானே பூட்டுகிறேன் என்று பெரிய பேச்சுப் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்தது.

"வினோதினிக்குப் போன் போடவா?" என்றான் ராஜவேல்.

"இருங்க." கடையில் அவள் பூட்டிக் காட்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். கையை அவ்வளவாகக் கவனிக்கவில்லை, காதில் விழுந்தது மட்டும் அப்படியே இருந்தது. அங்கே ராம் உட்காரும்போது டக், டக் என்று இரண்டு சத்தம். இங்கே ஒன்றுதான் கேட்டது. வயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி திறந்தாள். ஒரு பக்கக் கொக்கி மாட்டாமல் நின்றிருந்தது. ராமை எடுத்து, முதலில் நன்றாக உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்தினாள். டக், டக்.

இந்தத் தடவை திரை வெளுத்தது. எழுத்துகள் ஓடின. ராஜவேல், "அட, எம் பொண்டாட்டி இன்ஜினியரு!" என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே டீ போடப் போனான். வினோதினி கொடுத்த பென் டிரைவிலிருந்து புரோகிராமெல்லாம் ஏற ஒரு மணி நேரம் ஆயிற்று. போர்வைக்கு நடுவில் பெட்டி வெந்துவிடும் என்று, கூடவே வந்த தகட்டை வைத்து அதை மானிட்டரின் முதுகில் திருகி, மானிட்டரை அலமாரிக்கு வெளியே, கதவிடுக்கு வழியாக அவளுக்குத் தெரிகிற மாதிரி நிறுத்தினான் ராஜவேல். காலடியில் பெட்டி இல்லாமல் அவள் காலை நீட்டி உட்கார்ந்து பேசினது அன்றுதான் முதல் முறை.

ஒரு புதுத் தொல்லையும் வந்தது. இரைச்சல் போனதும் மற்றதெல்லாம் கேட்க ஆரம்பித்தது: வளையல் உரசுவது, அடுப்படியில் ராஜவேல் பிஸ்கட் கடிப்பது. வளையலைக் கழற்றி வைத்தாள். பிஸ்கட் டப்பாவை எடுத்து ஒளித்து வைத்தாள். திருமுருகனுக்கு வெங்காயத்தை நான்காவது தடவையில் பதிந்து அனுப்பினாள். மறுநாள் அவன் கூப்பிட்டு, "அக்கா, நீங்க மூச்சு விடுறதுகூட அழகா கேக்குது. மூணு தெருவுலயே மூட்டை காலிங்க" என்றான்.

அடுத்த மாதம் கவிதா என்ற ஆசிரியை, கூட்டுறவுச் சங்க முத்துவேல் வினோதினியிடம் கேட்டு வாங்கிக் கொடுத்த நம்பரோடு வந்தார். அவர் பள்ளியில் பார்வையில்லாத இரண்டு பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறார்கள், பாடத்தை யாராவது தெளிவாகப் படித்துப் பதிந்து கொடுத்தால் உதவியாக இருக்கும் என்றார். பரிமளா கொஞ்சம் தயங்கினாள். "டீச்சர், நான் வெங்காயத்துக்குப் பேசுறவ. பாடமெல்லாம் எனக்கு வருமா?"

"வரும்ங்க. மெதுவா படிங்க போதும்."

அறிவியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அலமாரிக்குள் போனாள். முதல் பக்கம் ஒழுங்காகத்தான் போனது. தாவரங்கள் தங்கள் உணவைத் தாங்களே தயாரிக்கின்றன என்ற இடத்தில் பழக்கம் முந்திக்கொண்டது. இலை, தண்டு, வேர் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றித் தெருவில் விற்கிற மாதிரி கூவித் தீர்த்துவிட்டாள். திருத்திப் பதிய மறந்து அப்படியே அனுப்பியும்விட்டாள். பதறிப்போய் மறுநாள் டீச்சருக்குப் போன் செய்தாள்.

"மாத்தாதீங்க" என்றார் கவிதா. "ரெண்டு பேரும் அந்தப் பக்கத்தை மட்டும் ஆறு தடவ போடச் சொல்லிட்டாங்க. எல்லாப் பாடத்தையும் அப்படியே கூவச் சொல்றாங்க."

பரிமளா போனை வைத்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டாம் பாடத்தைத் திறந்தாள்.